நான்கு இறக்கை ஈக்கு யாரும் எதையும் சேர்க்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் அறிவியல் பக்கத்தில், கருவுக்குள் உடல் எப்படி உருவாகிறது என்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரை. இரண்டு தடவை படித்தேன். என்னை எழுத உட்கார வைத்தது அதோடு வந்திருந்த படம். நான்கு இறக்கையுள்ள பழ ஈ ஒன்றின் படம். அதன் கீழே, ‘இறக்கைக்கான மரபணுவைக் கூடுதலாகச் சேர்த்து விஞ்ஞானிகள் உருவாக்கிய அதிசய ஈ’ என்று போட்டிருந்தீர்கள். அது தவறு. அந்த ஈக்கு யாரும் எதையும் சேர்க்கவில்லை. அதனிடம் இருந்த ஒன்று வேலை செய்யாமல் போனதால்தான் இன்னொரு ஜோடி இறக்கை வந்தது.

இதற்குப் போய் ஒரு கடிதமா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அந்த ஈயை வளர்த்தெடுத்த எட்வர்ட் லூயிஸ் என்ற மனிதர் கண்டுபிடித்ததே இதைத்தான். படத்தின் கீழே உள்ள வரி தலைகீழாகிவிட்டால் அவர் செய்த வேலையும் தலைகீழாகிவிடுகிறது. கட்டுரையிலும் அவர் பெயர் ஒரே ஒரு இடத்தில், நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் என்று வந்து போய்விடுகிறது.

நான் ஒரு மரபியல் ஆய்வுக்கூடத்தின் ஈ அறையில் 27 ஆண்டுகள் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஈக்களுக்கு உணவு காய்ச்சுவது, குப்பிகளில் ஊற்றி ஆற வைப்பது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வம்சத்தையும் புதுக் குப்பிக்கு மாற்றுவது, மாணவர்கள் கேட்கும் ஈக்களை மைக்ரோஸ்கோப்பின் கீழ் பொறுக்கிக் கொடுப்பது, இவைதான் என் வேலை. ஆராய்ச்சிக் கட்டுரை எதிலும் என் பெயர் கிடையாது. ஆனால் இந்தப் படத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அப்படிப்பட்ட ஈயை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

லூயிஸ் பெயரை நான் முதலில் பார்த்தது அடுப்புக்கு மேலே, சுவரில். ஈ உணவு காய்ச்சும் அளவுகளைத் தட்டச்சு செய்து அங்கே ஒட்டி வைத்திருந்தார்கள். மக்காச்சோள மாவு இவ்வளவு, ஈஸ்ட் இவ்வளவு, அகர், சர்க்கரை, பூஞ்சை பிடிக்காமல் இருக்க அமிலம். தாளின் அடியில் ‘லூயிஸ், 1960’ என்று மட்டும் இருந்தது. எங்கள் கூடத்திலேயே முன்பு இருந்த ஒருவர் போலிருக்கிறது என்றுதான் பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, உலகம் முழுக்க எத்தனையோ ஈ அறைகளில் அந்த அளவைத்தான் காய்ச்சுகிறார்கள் என்று. ஈக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் ஈ.எம்.எஸ். என்ற வேதிப்பொருளைக் கலந்து ஊட்டி, மரபணுக்களில் மாற்றம் உண்டாக்கும் முறையையும் அவரும் பாக்கர் (Bacher) என்பவரும் 1968-இல் எழுதினார்கள். அதையும் எங்கள் மாணவர்கள் வரிக்கு வரி அப்படியே செய்வார்கள். பெரிய கண்டுபிடிப்பைச் செய்தவர், அடுத்தவர் வேலைக்கு உதவும் என்று கஞ்சி காய்ச்சும் அளவையும் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார் பாருங்கள். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அந்தத் தாளில்தான் ஆரம்பித்தது.

சரி, ஈக்கு வருகிறேன்.

பழ ஈ 3 மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. கார்பன் டை ஆக்சைடில் மயக்கி வெள்ளைத் தட்டில் கொட்டி, மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதன் மார்பு மூன்று கண்டமாக, அதாவது அடுத்தடுத்த மூன்று துண்டாக இருக்கும். மூன்றிலும் ஒவ்வொரு ஜோடி கால். இரண்டாம் கண்டத்தில் ஒரு ஜோடி இறக்கை. மூன்றாம் கண்டத்தில், இறக்கை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு ஜோடி ஹால்டியர். பக்கவாட்டில் படுக்க வைத்தால் தெரியும். வெளிறிய நிறத்தில், குண்டூசியின் தலை போல, மெல்லிய காம்பில் ஒரு சின்ன உருண்டை. ஈ பறக்கும்போது இறக்கை அடிக்கும் வேகத்துக்கு அதுவும் அடிக்கும். உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, திரும்புகிறது என்று ஈக்கு உணர்த்துவது அதுதான். அது இல்லாவிட்டால் ஈயால் ஒழுங்காகப் பறக்க முடியாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த உருண்டையைப் பார்த்துத்தான் ஈக்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒரு சடுதி மாற்றம், அதாவது மரபணுவில் வந்த மாற்றம், தலைமுறை தலைமுறையாகக் கலைந்து போகாமல் இருக்க, அதற்கு ஜோடியாக பேலன்சர் என்ற ஒரு குரோமோசோமை வைத்துக்கொள்வார்கள். அந்த பேலன்சர் எந்த ஈயிடம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள அதிலேயே ஓர் அடையாளமும் இருக்கும். சிலவற்றில் சுருள் இறக்கை, சிலவற்றில் குட்டை ரோமம். எங்களிடம் இருந்த ஒரு பேலன்சரின் அடையாளம் அல்ட்ராபைதோராக்ஸ் என்ற மரபணுவில் வந்த மாற்றம். அதாவது ஹால்டியர் கொஞ்சம் உப்பியிருக்கும். கொஞ்சம்தான். சாதாரண ஹால்டியர் வழவழவென்று உருண்டையாக இருக்கும், இது சற்றுப் பெருத்து, ஒன்றிரண்டு சின்ன ரோமம் நீட்டிக்கொண்டிருக்கும்.

முதல் மூன்று மாதம் எனக்கு அது பிடிபடவில்லை. ஒரு தடவை உப்பியதையும் உப்பாததையும் கலந்து பொறுக்கிக் கொடுத்துவிட்டேன். அதை வைத்துக் கலப்பு செய்த மாணவிக்கு இரண்டு மாத உழைப்பு வீணாகிப் போனது. அவள் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. மறுநாள் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ‘அக்கா, மேலே இருந்து பார்க்காதீங்க, சாய்ச்சுப் போட்டு இறக்கையை பிரஷ்ஷால ஒதுக்கிட்டுப் பாருங்க’ என்று காட்டிக் கொடுத்தாள். அன்றைக்கு மதியத்துக்குள் முந்நூறு ஈக்களாவது பார்த்திருப்போம். சாயங்காலம் அவளிடம் கேட்டேன், அது ஏன் உப்புகிறது என்று. அவள் சொன்ன பதிலைத்தான் உங்கள் படத்தின் கீழே எழுதியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஈயிடமும் அல்ட்ராபைதோராக்ஸ் மரபணு இரண்டு பிரதி இருக்கும். அதில் ஒன்று கெட்டுப்போனால், மிச்சம் உள்ள ஒன்றால் முழு வேலையையும் செய்ய முடிவதில்லை. ‘இங்கே இறக்கை வேண்டாம்’ என்று மூன்றாம் கண்டத்துக்குச் சொல்லும் குரல் கொஞ்சம் மெலிந்து போகிறது. ஹால்டியர் இறக்கையாகும் வழியில் ஓர் எட்டு எடுத்து வைக்கிறது. அந்த உப்பலும் ரோமமும் அதுதான்.

எங்கள் அறையில் ஆயிரத்துக்கு மேல் குப்பிகள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே உணவு, ஒரே மாதிரி ஈ. எந்தக் குப்பி எது என்று சொல்வது மேலே ஒட்டிய சீட்டு ஒன்றுதான். ஈயின் உடலிலும் அப்படித்தான் என்று அப்போது புரிந்தது. கால் எப்படிச் செய்வது, இறக்கை எப்படிச் செய்வது என்ற குறிப்பு எல்லாக் கண்டத்து உயிரணுக்களிடமும் இருக்கிறது. நீ எந்தக் கண்டம் என்று சொல்லும் சீட்டு மட்டும்தான் வேறு. மூன்றாம் மார்புக் கண்டத்தின் சீட்டு உதிர்ந்து போனால், அது தன்னை இரண்டாம் கண்டம் என்று நினைத்துக்கொண்டு இரண்டாம் கண்டம் செய்வதையெல்லாம் செய்கிறது. புதிதாக எந்த இறக்கை மரபணுவும் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை.

நான்கு இறக்கை ஈயைப் பார்த்தது சில வருடம் கழித்து. மாணவர்களுக்குக் காட்டுவதற்காக ஓர் ஆராய்ச்சியாளர் வளர்த்தார். கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வந்து இறக்கை விரிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோரும் இறக்கைகளைத்தான் பார்ப்பார்கள். எனக்குக் கண்ணில் பட்டது முதுகு. சாதாரண ஈயின் முதுகில் பெரும்பகுதி இரண்டாம் கண்டம்தான், வரிசையாக ரோமம் நட்ட ஒரு மேடு மாதிரி இருக்கும். மூன்றாம் கண்டம் அதற்குப் பின்னால் மெல்லிய பட்டை அவ்வளவுதான். இந்த ஈயில் அந்த மேடு இரண்டு தடவை வந்திருந்தது. அதே ரோம வரிசை, அதே வளைவு, ஒன்றன் பின் ஒன்றாக. ஒரு கண்டம் முழுசாகத் தன் அடையாளத்தை மாற்றிக்கொண்டுவிட்டது என்பதை அந்த முதுகு சொன்னது. பாவம், அது பறக்காது. ஹால்டியரும் போய்விட்டது, பின் இறக்கைகளை அசைக்கும் தசையும் அங்கே வளரவில்லை. தட்டின் ஓரமாக நடந்து போனது. குப்பிக்குள் எடுத்து விட்டேன்.

இதை லூயிஸ் எப்படிச் செய்தார் என்பதில்தான் எனக்கு ரொம்ப ஈடுபாடு. ஒரே அடியில் வந்த ஈ இல்லை அது. பைதோராக்ஸ் என்ற மாற்றம் மூன்றாம் கண்டத்தின் முன் பாதியை மட்டும் இறக்கையின் முன் பாதியாக மாற்றும். போஸ்ட்பைதோராக்ஸ் என்பது பின் பாதியை மட்டும். ஆன்டிரோபைதோராக்ஸ் என்று இன்னொன்று, அதுவும் முன் பாதியில்தான் வேலை செய்யும். இந்த மூன்று கோளாறுகளையும் ஒரே ஈயில் கொண்டுவந்தபோதுதான் முழு இறக்கை வந்தது. மூன்றும் குரோமோசோமில் பைதோராக்ஸ் பகுதி என்ற ஓர் இடத்தில் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு இருப்பவை. அவ்வளவு நெருக்கமாக இருப்பவற்றைத் தேவையானபடி சேர்க்கவும் பிரிக்கவும் வேண்டுமென்றால் ஆயிரமாயிரம் ஈக்களில் ஒன்று தற்செயலாக அப்படிப் பிறக்கும்வரை கலப்பு செய்து எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கழுத்து வலிக்கும், கண் எரியும், கவனம் ஒரு நிமிடம் தப்பினால் அந்த ஒரு ஈ மற்றவற்றோடு போய்விடும். உதவியாளர்கள் இருந்தும் லூயிஸ் கடைசிவரை தன் கையால் ஈ பார்த்தவர். இரவு நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்வது அவர் பழக்கம்.

அவர் 1918-இல் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் வில்க்ஸ்-பேரி என்ற ஊரில் பிறந்தார். பள்ளியில் படிக்கும்போது ஊர்ப் பொது நூலகத்தில் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு விளம்பரம் பார்த்தார், ஒரு டாலருக்குப் பழ ஈக்கள் அனுப்பித் தருவதாக. அவரும் எட்வர்ட் நொவிட்ஸ்கி என்ற நண்பரும் வரவழைத்துப் பள்ளியிலேயே வளர்க்க ஆரம்பித்தார்கள். நொவிட்ஸ்கியும் பின்னாளில் மரபியல் அறிஞர் ஆனார். லூயிஸ் நன்றாகப் புல்லாங்குழல் வாசிப்பார். கல்லூரிக்குப் போனதே முதலில் இசைக்கான உதவித்தொகையில்தான். அப்புறம் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு மாறி, உயிரியல் புள்ளியியல் படித்து 1939-இல் பட்டம் வாங்கினார். பாசடேனாவில் உள்ள கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டவன்ட்டிடம் 1942-இல் முனைவர் பட்டம். போர்க் காலத்தில் ராணுவத்தில் வானிலை அதிகாரி. 1946-இல் கால்டெக்குக்குத் திரும்பியவர் பிறகு அந்த இடத்தை விட்டுப் போகவே இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இதை வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். பைதோராக்ஸ் ஈயைக் கண்டெடுத்தவர் லூயிஸ் இல்லை. 1915-இல் கால்வின் பிரிட்ஜஸ், நியூயார்க்கில் தாமஸ் ஹன்ட் மார்கனின் ஈ அறையில் கண்டெடுத்தது. மார்கன் 1928-இல் கால்டெக்குக்கு இடம் மாறியபோது ஈ வேலை முழுவதும் அங்கே போனது. பிரிட்ஜஸ் 1938-இல் இறந்துவிட்டார். லூயிஸ் போரிலிருந்து திரும்பி வந்தபோதும் அந்த வம்சம் உயிரோடு இருந்தது. 1915-லிருந்து கணக்குப் போடுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றாலும் 30 வருடத்துக்கு 780 தடவை யாரோ அந்த ஈக்களைப் பழைய குப்பியிலிருந்து புதுக் குப்பிக்குத் தட்டியிருக்கிறார்கள். உணவு காய்ந்து போகாமல், பூஞ்சை பிடிக்காமல், பேன் போன்ற சிலந்திப்பூச்சிகள் ஏறாமல், வேறு ஈ ஒன்று உள்ளே நுழைந்து கலந்துவிடாமல். விடுமுறை நாளில் ஈ அறைக்குப் போக அலுப்பாக இருக்கும்போதெல்லாம் நான் அந்த 780-ஐ நினைத்துக்கொள்வேன்.

லூயிஸ் முதலில் தேடியது கருவளர்ச்சியை அல்ல. புது மரபணு எப்படி உண்டாகிறது என்பதுதான் அவர் கேள்வி. பழைய மரபணு ஒன்று இரட்டித்து, இரண்டில் ஒன்று தன் பழைய வேலையைச் செய்ய, மற்றது மெல்ல மாறிப் புது வேலை கற்றுக்கொள்ளும் என்று நினைத்தார். அப்படியானால் ஒரே மாதிரி வேலை செய்யும் மரபணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் பைதோராக்ஸ் பகுதியை எடுத்துக்கொண்டார். 1951-இல் அதைப் பற்றி எழுதினார். டி.என்.ஏ.வின் முறுக்கிய ஏணி வடிவம் தெரியவருவதற்கு 2 வருடம் முன்பு. குரோமோசோம், ஈ, எண்ணிக்கை, இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மரபணுப் பகுதியின் உள் அமைப்பை வரைந்தார் என்பதை இன்றைய மாணவர்களிடம் சொன்னால் நம்ப யோசிக்கிறார்கள்.

அப்புறம் 27 வருடம் கழித்து, 1978 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் அவருடைய பெரிய கட்டுரை. ஆறு பக்கம்தான். எங்கள் கூடத்தில் அதைப் படிக்க வாராவாரம் கூடுவார்கள், ஒரு பத்தியைத் தாண்ட ஒரு மணி நேரம் ஆகும். நான் தேநீர் இடைவேளையில் ஓரமாக உட்கார்ந்து கேட்டதில் இரண்டு விஷயம் மனதில் நின்றது.

ஒன்று, பைதோராக்ஸ் பகுதி முழுவதையும் நீக்கிவிட்டால் என்ன ஆகும் என்பது. அப்படிப்பட்ட கரு முட்டையைத் தாண்டி வாழாது. ஆனால் இறப்பதற்குள் வளர்ந்த வரையில் பார்த்தால், மூன்றாம் மார்புக் கண்டமும் அதற்குப் பின்னால் உள்ள வயிற்றுக் கண்டங்களும் வரிசையாக இரண்டாம் மார்புக் கண்டம் மாதிரியே இருக்கின்றன. எல்லாக் குப்பியிலும் ஒரே சீட்டு. வயிற்றில் கால் முளைக்காமல் இருப்பதற்கும் காரணம் இந்த மரபணுக்கள் தடுப்பதுதான். பைதோராக்ஸாய்ட் என்ற மாற்றத்தில் அந்தத் தடை தளர்ந்து, வயிற்றின் முதல் கண்டத்தில் கால் வந்து, எட்டுக் கால் ஈ பிறக்கும். பூச்சிகளின் முன்னோர்கள் நிறையக் கால்களோடு இருந்தவை, ஈயின் முன்னோர்கள் நான்கு இறக்கையோடு இருந்தவை. வேண்டாததை வேண்டாம் என்று சொல்லும் மரபணுக்கள் வந்து வந்து இன்றைய ஈ உருவானது என்று லூயிஸ் நினைத்தார். இறக்கை மரபணுவைச் சேர்த்தார்கள் என்ற உங்கள் வரி எனக்கு ஏன் இவ்வளவு உறுத்தியது என்று இப்போது புரிந்திருக்கும்.

இரண்டாவது விஷயத்தைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. குரோமோசோமில் அந்தப் பகுதிகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ, அதே வரிசையில்தான் உடலில் அவை ஆளும் கண்டங்களும் இருக்கின்றன. மார்பை ஆள்வது முதலில், வயிற்றின் முன்பகுதி அடுத்து, வால் பக்கம் கடைசியில். உடலின் வரிசை குரோமோசோமிலும் அப்படியே எழுதி வைத்திருக்கிறது. ஏன் அப்படி இருக்க வேண்டும்? அன்றைக்கு யாரும் எதிர்பார்க்காத ஒன்று அது.

அவர் சொன்னது எல்லாமே சரியாகிவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒன்று என்ற மாதிரி நிறைய மரபணுக்கள் அங்கே இருக்கும் என்று நினைத்தார். டேவிட் ஹாக்னஸ், வெல்கம் பெண்டர் முதலானோர் அந்தப் பகுதியின் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாகப் பிடித்துப் பார்த்தார்கள். 1983-இல் வந்த அந்தக் கட்டுரையில் லூயிஸும் ஒருவர். கிட்டத்தட்ட 3 லட்சம் டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள அந்தப் பகுதியில் புரதம் செய்யும் மரபணுக்கள் மூன்றுதான் என்பது அடுத்த சில வருடங்களில் தெளிவாகிவிட்டது. அல்ட்ராபைதோராக்ஸ் அதில் ஒன்று. அவர் தனித்தனி மரபணு என்று நினைத்த பைதோராக்ஸ், போஸ்ட்பைதோராக்ஸ் எல்லாம், அந்த மரபணு எங்கே எப்போது வேலை செய்ய வேண்டும் என்று கட்டளையிடும் பகுதிகள். ஆனால் அவர் கண்ட வரிசை மாறவில்லை. கட்டளைப் பகுதிகளும் அதே வரிசையில்தான் இருக்கின்றன. வெறும் கலப்பும் எண்ணிக்கையும் வைத்து அவர் வரைந்த படம், டி.என்.ஏ.வைக் கையில் எடுத்துப் பார்த்தபோதும் நின்றது.

1984-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கேரிங்கின் குழுவும், அமெரிக்காவில் மேத்யூ ஸ்காட்டும் ஏமி வெய்னரும், தனித்தனியே ஒரே விஷயத்தைக் கண்டார்கள். இந்த மரபணுக்களுக்குள் 180 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி பொதுவாக இருந்தது. ஹோமியோபாக்ஸ் என்று அதற்குப் பெயர். அதைத் தூண்டிலாகப் போட்டுத் தேடினால் தவளையிடம் இருந்தது, எலியிடம் இருந்தது, மனிதனிடமும் இருந்தது. நம்மிடம் இப்படிப்பட்ட ஹாக்ஸ் மரபணுக்கள் 39, நான்கு கொத்தாக இருக்கின்றன. அங்கேயும் அதே வரிசை, தலைப் பக்கத்திலிருந்து வால் பக்கம் வரை.

எலியில் செய்த ஒரு சோதனை எனக்கு நான்கு இறக்கை ஈயின் உடன்பிறப்பு மாதிரியே தோன்றும். 2003-இல் டெனீன் வெலிக்கும் மரியோ கபேக்கியும், ஹாக்ஸ் 10 என்ற வகை மரபணுக்கள் மூன்றையும் எலியில் செயலிழக்கச் செய்தார்கள். விலா எலும்பே இருக்கக் கூடாத இடுப்புப் பக்க முதுகெலும்புகளில் விலா எலும்பு முளைத்தது. அங்கேயும் யாரும் விலா எலும்பு மரபணுவைச் சேர்க்கவில்லை. மனிதர்களிலும் இதைப் பார்க்கிறோம். ஹாக்ஸ் டி13 என்ற மரபணுவில் ஒரு வகை மாற்றம் இருந்தால் குழந்தைக்கு விரல்கள் ஒட்டியும் கூடுதலாகவும் அமையும். அப்படிப் பிறந்த குழந்தையின் தாயிடம் ‘எதைச் சாப்பிட்டாய், எதைப் பார்த்தாய்’ என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவளுக்கு ஒரு பதில் இருக்கிறது என்றால், அதன் ஒரு நுனி பாசடேனாவில் இரவில் ஈ எண்ணிய அந்த மனிதரிடம் போய்ச் சேரும்.

பரிசு பற்றியும் ஒரு சின்னத் திருத்தம். 1995-இல் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ், லூயிஸ் மூவருக்கும் கொடுத்தார்கள். மூவரும் சேர்ந்து கண்டுபிடித்தது போல உங்கள் கட்டுரை சொல்கிறது. ஜெர்மனியின் ஹைடெல்பெர்கில் மற்ற இருவர் செய்த வேலை வேறு. ஈக் கருவில் கண்டங்கள் எப்படிப் பிரிகின்றன, எத்தனை பிரிகின்றன என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்களைத் தேடி, 1980-இல் 15 மரபணுக்களை வரிசைப்படுத்தினார்கள். அவர்களும் ஈக்களுக்கு ஈ.எம்.எஸ். ஊட்டித்தான் மாற்றங்களைத் தேடினார்கள். கண்டம் பிரிந்த பிறகு எந்தக் கண்டம் எதுவாக வேண்டும் என்பது லூயிஸின் கேள்வி. பரிசு வந்தபோது அவருக்கு வயது 77.

இன்னொன்றையும் உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அணுகுண்டுச் சோதனைகள் வானில் நடந்துகொண்டிருந்த காலத்தில், கொஞ்சம் கதிர்வீச்சால் ஒன்றும் ஆகாது, ஓர் அளவுக்குக் கீழே ஆபத்தே இல்லை என்று அமெரிக்க அரசு தரப்பில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லூயிஸ் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்கள், முதுகெலும்பு நோய்க்காகக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், குழந்தைப் பருவத்தில் தைமஸ் சுரப்பிக்குக் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டவர்கள், எக்ஸ்ரே மருத்துவர்கள் என்று நான்கு கூட்டத்தாரிடையே வந்த ரத்தப் புற்றுநோயை எண்ணினார். அளவு கூடக் கூட நோய் அதே விகிதத்தில் கூடுகிறது, பாதுகாப்பான எல்லை என்று ஒன்று இருப்பதற்குச் சான்று இல்லை என்று 1957-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய்ச் சாட்சியும் சொன்னார். கடுமையான எதிர்ப்பு வந்தது. ஈ எண்ணும் அதே பொறுமையோடு செய்த வேலைதான் இதுவும். அவர் 2004 ஜூலையில் பாசடேனாவில் காலமானார். 1988-இல் முறைப்படி ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வுக்கூடத்துக்குப் போவதை நிறுத்தவில்லை.

எனவே என் வேண்டுகோள் இதுதான். அந்தப் படத்தைத் திரும்பவும் போடுங்கள், முதல் தடவையைவிடப் பெரிதாக. பக்கத்தில் சாதாரணப் பழ ஈ ஒன்றின் படத்தையும் போட்டு, ஹால்டியர் இருக்கும் இடத்தில் ஓர் அம்புக்குறி வையுங்கள். அது இல்லாமல் பார்க்கும் பிள்ளைகளுக்கு, எது எதுவாக மாறியது என்றே தெரியாது. கீழே எழுத வேண்டியதை நானே எழுதித் தருகிறேன், இடம் போதவில்லையென்றால் சுருக்கிக்கொள்ளுங்கள்:

‘எட்வர்ட் லூயிஸ் வளர்த்த பழ ஈ. பைதோராக்ஸ் பகுதியில் மூன்று கோளாறுகள் ஒன்றுசேர்ந்ததால், மூன்றாம் மார்புக் கண்டம் இரண்டாம் கண்டமாகவே வளர்ந்துவிட்டது. ஹால்டியர் இருக்க வேண்டிய இடத்தில் இறக்கை. முதுகு மேடும் இரண்டாக இருப்பதைக் கவனிக்கவும்.’

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட உதவியாளர்